40 ரூபாயில் முடிந்த விபிஎன் வேலை

நேற்று சாயங்காலம் அம்பையில் நல்ல இடி மழை. ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் நடுவில் சித்தப்பாவின் கடையில் இரண்டு தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் கம்ப்யூட்டர் தானாக எழுந்தது, விபிஎன் (இன்டர்நெட் வழியாகவே இரண்டு கடையையும் இணைக்கிற பூட்டிய தனிப்பாதை) தானாக இணைந்தது, பில் பக்கம் திறந்தது. யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. இப்படிப் போன் வராத ஒரு சாயங்காலத்துக்காகத்தான் புரட்டாசி தொடங்கியதில் இருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மறந்துபோகுமுன் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சித்தப்பாவுக்குத் திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்தில் ஹார்ட்வேர் கடை. பிவிசி பைப், பெயிண்ட், ஆணி, மோட்டார் சாமான். போன வருஷம் அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், இரண்டாவது கடை போட்டார். ஸ்டாக் பார்த்து பில் போடுகிற புரோகிராம் நான் எழுதிக் கொடுத்தது. டவுன் கடையில் ஒரு டெஸ்க்டாப், அதில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், அதன் மேல் பிரவுசரில் திறக்கிற ஒரு பக்கம். டவுனுக்குள் ஜோராக ஓடியது. அம்பைக்காரர்களால் அதைப் பார்க்க முடியாது. முக்கால் இஞ்ச் எல்போ இருக்கிறதா, இரண்டு இஞ்ச் டீ எத்தனை கிடக்கிறது என்று நாள் முழுக்க இங்கேயும் அங்கேயும் போன்.

“ஏல, ரெண்டு பொட்டியையும் ஒண்ணா சேத்துவிட முடியாதா?” என்றார் சித்தப்பா. முடியும் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றும் வாயைவிட்டேன்.

அந்தப் பக்கத்தை அப்படியே இன்டர்நெட்டில் திறந்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் நான் எழுதிய லாகின் மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் விபிஎன். அதிலும் வயர்கார்ட் என்கிற மென்பொருள். 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்தே அது லினக்ஸோடு சேர்ந்து வருகிறது. உபுண்டு 22.04-இல் இருப்பது 5.15, ஆகவே டூல்ஸ் பேக்கேஜ் மட்டும் போட்டால் போதும். இதையெல்லாம் தானே அமைத்துக் கொடுக்கிற டெய்ல்ஸ்கேல் போட்டிருந்தால் அரை மணியில் முடிந்திருக்குமே என்று ஆபீஸ் நண்பன் இன்றுவரை சொல்கிறான். சரிதான். ஆனால் கடைக் கணக்கு ஓடுகிற பாதையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

முதல் இரண்டு சாயங்காலம் வீண். டவுன் கடை ரவுட்டரில் யுடிபி 51820 போர்ட்டைத் திறந்து டெஸ்க்டாப்புக்குத் திருப்பிவிட்டேன். ஐபி முகவரி மாறினாலும் கண்டுபிடிக்க இலவச டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்றும் வாங்கினேன். பாளையங்கோட்டை வீட்டில் இருந்து லேப்டாப்பில் கூப்பிட்டால் பதிலே இல்லை. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், போர்ட்டை மாற்றிப் பார்த்தேன், ரவுட்டரை ரீசெட் செய்தேன். மூன்றாம் நாள்தான் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பார்க்கத் தோன்றியது. 100.92 என்று தொடங்கியது. ‘என் ஐபி என்ன’ என்று கேட்கும் தளமோ வேறு எதையோ காட்டியது. 100.64-இல் இருந்து 100.127 வரை உள்ள முகவரிகள், ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைப்பதற்காக ஒதுக்கப்பட்டவை. நம் ரவுட்டருக்கு மேல் கம்பெனியின் இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. நாம் கீழே எந்தக் கதவைத் திறந்து வைத்தாலும் மேலே தெருக்கதவு பூட்டித்தான் கிடக்கும். அம்பைக் கடை லைனும் அதே கதை. நிலையான ஐபி வேண்டும் என்று கேட்டதற்குச் சொன்ன தொகையில் ஒரு வருஷத்துக்கு விபிஎஸ் (இன்டர்நெட்டில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) வாடகையே கட்டிவிடலாம்.

கட்டினேன். இருப்பதிலேயே சின்னது: ஒரு சிபியு, 1 ஜிபி ராம், மும்பையில் சர்வர், மாதம் 420 ரூபாய். அதற்கு நிலையான பொது முகவரி உண்டு. இரண்டு கடையும் உள்ளேயிருந்து வெளியே அதைக் கூப்பிடும், அது நடுவில் நின்று கைமாற்றிவிடும். முகவரிகளை ஒரு பில் புத்தகத்தின் பின்அட்டையில் எழுதி வைத்தேன்: விபிஎஸ் 10.77.0.1, டவுன் 10.77.0.2, அம்பை 10.77.0.3, என் லேப்டாப் 10.77.0.4.

சாவி உண்டாக்குவது எளிது. டபிள்யூஜி ஜென்கீ என்றால் பிரைவேட் கீ, அதையே டபிள்யூஜி பப்கீ-க்குக் கொடுத்தால் பப்ளிக் கீ. எளிதான இடத்தில்தான் கோட்டைவிட்டேன். அம்பைக் கம்ப்யூட்டரின் பப்ளிக் கீயை வாட்ஸாப்பில் எனக்கு நானே அனுப்பி எடுத்து ஒட்டியபோது, கடைசியில் இருந்த சமக்குறி கழன்றுவிட்டது. நீளம் சரியில்லை என்று திட்டியது. சாவி எப்போதும் 44 எழுத்து, முடிவது சமக்குறியில். அதைச் சரிசெய்து இரண்டாம் தடவை ஒட்டினால், ஒட்டியது பிரைவேட் கீ. அதுவும் வாட்ஸாப் வழியாக வந்தது. வெட்கத்தோடு அந்த ஜோடியை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்கினேன். இப்போது எஸ்சிபி-யில் கோப்பாகத்தான் நகர்த்துகிறேன்.

முதல் கைகுலுக்கல், அதாவது இரண்டு முனையும் சாவியைச் சரிபார்த்து இணைவது, நடந்தபோது ராத்திரி பத்தே முக்கால். டவுனில் இருந்து விபிஎஸ்ஸுக்குப் பிங் போகிறது, அம்பையில் இருந்தும் போகிறது, டவுனுக்கும் அம்பைக்கும் இடையில் மட்டும் போகவில்லை. விபிஎஸ்ஸில் ஐபி ஃபார்வர்டிங் (வந்த பாக்கெட்டை அடுத்த மெஷினுக்குக் கைமாற்றும் அனுமதி) பூஜ்யத்தில் இருந்தது. அதை 1 ஆக்கினேன். அப்புறமும் போகவில்லை. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஃபார்வர்டு ஆகிற பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது. வயர்கார்ட் இணைப்பான டபிள்யூஜி0-இல் வந்து டபிள்யூஜி0-இலேயே போவதை அனுமதி என்று ஒரு ரூட் விதி சேர்த்ததும் திறந்துகொண்டது. இரண்டு கடையின் வயர்கார்ட் அமைப்புக் கோப்பிலும் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 போட்டேன். 25 விநாடிக்கு ஒருமுறை சின்னதாக ஒரு பாக்கெட் போகும். அது இல்லாவிட்டால் மேலே உள்ள ரவுட்டர் நம்மை மறந்துவிடும்.

ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்டியு பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அது ஒரு தொல்லையும் தரவில்லை. வயர்கார்ட் தானாக எடுத்துக்கொண்ட 1420-ஓடு ஐபிவி4-க்கு 60 பைட் சுமை கூட்டினால் 1480. ஃபைபர் லைனின் பிபிபிஓஇ இணைப்புமுறை அனுமதிப்பது 1492. இடம் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

லேப்டாப்புக்குக் கோப்பை என்எம்சிஎல்ஐ கட்டளையில் இம்போர்ட் செய்தால் நெட்வொர்க் மேனேஜரே பார்த்துக்கொள்கிறது. ஒரே ஒரு கவனம்: இம்போர்ட் செய்ததும் இணைப்பு தானாகத் தொடங்குகிற மாதிரி அமைந்துவிடும். எனக்கு அது வேண்டாம் என்று ஆட்டோகனெக்ட்டை நிறுத்திவைத்தேன்.

அப்புறம் பிரிண்டர் கூத்து.

டவுனில் உள்ள பில் பிரிண்டரை அம்பையில் இருந்தும் எட்ட முடிந்தால் நல்லது, டெலிவரி சீட்டை அங்கேயிருந்தே இங்கே அடித்துவிடலாம் என்று சித்தப்பாவுக்கு ஒரு யோசனை. டவுன் கம்ப்யூட்டரில் ஃபார்வர்டிங்கும் மாஸ்க்வரேடும் (விபிஎன்னில் வருவதைத் தன் பெயரில் கடை நெட்வொர்க்குக்குள் அனுப்புவது) போட்டுவிட்டு, அம்பைக் கோப்பிலும் விபிஎஸ் கோப்பின் டவுன் பகுதியிலும், எந்த முகவரிகள் விபிஎன் வழியாகப் போகலாம் என்று சொல்லும் அலவுட் ஐபிஸ் வரியில் 192.168.1.0/24 என்று சேர்த்தேன். டவுன் கடை நெட்வொர்க் அது. அம்பைக் கடை நெட்வொர்க்கும் அதுவேதான். இரண்டு ரவுட்டரும் பெட்டியில் இருந்து வந்த அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு இரண்டு பில் பிரிண்டருக்கும் 50 என்ற கடைசி எண்ணை நானே கொடுத்திருந்தேன், ஞாபகம் வைக்க எளிது என்று.

மறுநாள் பதினோரு மணிக்கு டவுன் கடையில் யாரும் தொடாமலே பிரிண்டர் கிர்ரென்று ஒரு பில்லைத் துப்பியது. அரை இஞ்ச் எல்போ 12, சொல்யூஷன் ஒரு டப்பா. அப்புறம் இன்னொன்று. அதற்குப் பின்னால் அதே பில் மறுபடி, அதற்கும் பின்னால் மறுபடி. அங்கே அம்பையில் பிரிண்டர் ஓடவில்லை என்று கடைத் தம்பி பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்த, இங்கே தாள் நீண்டுகொண்டே போனது. டனலுக்காக (விபிஎன் பாதையைத்தான் டனல் என்பது) வந்த புது ரூட்டுக்கு மெட்ரிக், அதாவது முன்னுரிமை எண், இல்லை. உள்ளூர் ரூட்டுக்கு 100. எண் சிறியதற்குத்தான் முன்னுரிமை, ஆகவே பக்கத்து மேஜை பிரிண்டருக்குப் போக வேண்டிய பில் மும்பை சுற்றி டவுனுக்கு வந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் எல்லாம் பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. சித்தப்பா அப்படிப் பார்க்கவில்லை.

டவுன் ரவுட்டரை 192.168.21 ஆகவும், அம்பை ரவுட்டரை 192.168.22 ஆகவும் மாற்றினேன். டவுன் கம்ப்யூட்டரின் நிலையான முகவரி நெட்பிளான் கோப்பில் இருக்கிறது. அதைத் தொலைவில் இருந்து மாற்றும்போது நெட்பிளான் ட்ரை என்றே அடிப்பேன். 120 விநாடிக்குள் நான் சரி சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். கேட்வேயில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்து மாட்டிக்கொண்டபோது அதுதான் காப்பாற்றியது. ராத்திரி பதினோரு மணிக்கு டவுனுக்கு வண்டி எடுக்காமல் தப்பித்தேன்.

அடுத்து நான் செய்த ஒன்றுதான் பிற்பாடு மூன்று வாரத்தைத் தின்றது. அன்றைக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கடைக்காரர்கள் 10.77.0.2 என்று அடிக்காமல் ‘ஸ்டாக்’ என்று அடித்தால் பக்கம் திறக்க வேண்டும் என்று விபிஎஸ்ஸில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டால் முகவரி சொல்வது) போட்டு, அம்பைக் கோப்பில் டிஎன்எஸ் என்ற வரியில் 10.77.0.1 என்று எழுதினேன். வயர்கார்டை எழுப்புகிற டபிள்யூஜி-குயிக், ரிசால்வ்கான்ஃப் என்ற கட்டளை இல்லை என்று நின்றது. உபுண்டுவில் இது தெரிந்த சங்கதிதான். ரிசால்வ்சிடிஎல்-லுக்கு ரிசால்வ்கான்ஃப் என்று ஒரு சிம்லிங்க் (மாற்றுப் பெயர்) போட்டால் ஓடிவிடும். போட்டேன், ஓடியது. அந்த நிமிஷத்தில் இருந்து அம்பைக் கம்ப்யூட்டர் எந்தப் பெயரைத் தேடினாலும் டனல் வழியாகத்தான் தேடும். எந்தப் பெயரையும். இதை நான் கவனித்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் எல்லாம் ஒழுங்கு. சித்தப்பா கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். அதற்குள் அம்பையில் கல்லாவில் இருந்த புது கம்ப்யூட்டரை அவர் பையனின் படிப்புக்கு எடுத்துக்கொண்டார். அந்த எஸ்எஸ்டி-யைக் கழற்றி, டவுன் பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் மாட்டி அம்பைக்கு அனுப்பினேன். பில் போட அது தாராளம். எஸ்எஸ்டி-யை மாற்றியதும் உபுண்டு முனகாமல் எழுந்தது, வயர்கார்டும் இணைந்தது. அந்த மாற்றத்தை நான் ஒரு சம்பவமாகவே நினைக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதல் போன். “அண்ணே, ஸ்டாக்கு தொறக்க மாட்டேங்கு. நெட்டே இல்ல.” மொபைலில் வைஃபை வருகிறதா என்றால் வருகிறது என்கிறான். எஸ்எஸ்எச்-இல் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், அந்த மெஷினுக்கு நான் போகிற ஒரே வழி அந்த டனல்தான். கிளம்பிப் போவோம் என்று பஸ் ஏறினால் சேரன்மகாதேவி தாண்டும்போதே மறு போன்: “வந்துட்டுண்ணே.” வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் தாண்டி அம்பையில் இறங்கி, நன்றாக ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரை அரை மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இப்படியே தொடர்ந்தது. சில நாள் ஐந்து நிமிஷத்தில் தானாக வரும். சில நாள் அரை மணிக்கு மேல். கரண்ட் போய் வந்தாலும் இதே பாடு. ஐப்பசி பிறந்து மழையும் தொடங்கியதால் அது அடிக்கடி.

நான் செய்து பார்த்தவை: லான் கேபிளை மாற்றினேன், 150 ரூபாய். கீப்அலைவை 25-இல் இருந்து 15 ஆக்கினேன். இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள்தான் 51820-ஐ மறிக்கிறார்கள் என்று முடிவுகட்டி 443-க்கு மாற்றினேன். அம்பை மெஷினில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டனல் உயிரோடு இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் செய்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது ஐந்தாறு தடவை ரீஸ்டார்ட் செய்யும், கடைசியில் டனல் வந்துவிடும், ஸ்கிரிப்ட்தான் சரிசெய்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இதைவிடப் பெரிய ஏமாற்று விபிஎஸ் பக்கம். ஒரு நாள் காலையில் அங்கே வயர்கார்டை ரீஸ்டார்ட் செய்தேன். அடுத்த ஐந்து விநாடியில் அம்பை வந்துவிட்டது. பிடித்துவிட்டேன், கோளாறு விபிஎஸ்ஸில்தான் என்று துள்ளி, தினமும் காலை 9.20-க்கு அதை ரீஸ்டார்ட் செய்ய நேரம் வைத்துக் கட்டளை ஓட்டுகிற கிரானில் ஒரு வரி போட்டேன். நான்கு நாள் காலைப் போன் இல்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அம்பையில் கரண்ட் போனது, பழைய குருடி கதவைத் திறடி.

சரி என்று அந்தக் கிரான் வரியை எடுத்துவிட்டு, மறுநாள் காலை 9 மணிக்கே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். விபிஎஸ்ஸில், வருகிற போகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடுகிறது. கடை திறந்து மெஷினைப் போட்டதும், அம்பையில் இருந்து பாக்கெட் வரத் தொடங்கியது. நீளம் 148. ஐந்து விநாடி கழித்து இன்னொன்று, 148. மறுபடி 148. வயர்கார்டில் ‘கைகொடு’ என்று கேட்கிற பாக்கெட் 148 பைட், ‘இந்தா’ என்று திரும்புகிற பாக்கெட் 92. டவுன் பக்கம் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை 148, 92 என்று ஜோடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அம்பைக்கு 92 இல்லவே இல்லை. ஆகவே லைன் நல்ல லைன், போர்ட் நல்ல போர்ட். பாக்கெட் மும்பை வரை வந்து சேர்கிறது. விபிஎஸ்தான் வாங்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிறது. கெர்னலில் வயர்கார்டின் டீபக் பதிவைத் திறந்துவிட்டு டிமெசேஜ் பார்த்தால், செல்லாத கைகுலுக்கல் கோரிக்கை என்று வரிசையாக வருகிறது. பொதுவாக அது சாவி தப்பு என்றால் வருவது. நேற்று ராத்திரி கடை சாத்துகிறவரை செல்லுபடியான சாவி, விடிந்ததும் எப்படிச் செல்லாமல் போகும்?

நேற்று ராத்திரி, இன்று காலை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. அந்த 148 பைட்டுக்குள் ஒரு நேர முத்திரையும் போகிறது. யாராவது பழைய கோரிக்கையைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்பினால் ஏமாறக் கூடாது என்பதற்காக, கடைசியாக ஏற்றுக்கொண்டதைவிடப் பிந்தைய நேரம் உள்ள கோரிக்கையைத்தான் மறுமுனை ஏற்கும். விபிஎஸ்ஸில் ரீஸ்டார்ட் செய்தால் அந்த ஞாபகம் அழிந்துபோகும். அதனால்தான் உடனே வந்திருக்கிறது.

போன் போட்டேன். அப்போது மணி 9.31.

“தம்பி, ஸ்கிரீன்ல மேல நடுவுல மணி என்ன காட்டுது?”

“இருபது அம்பத்து மூணுண்ணே.”

“தேதி?”

“நேத்துள்ள தேதிலா காட்டுது.”

“மெஷினு போடும்போது வேற ஏதாச்சும் கேக்குதா?”

“அது எப்பவும் கேக்கும்லா. கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீசுல என்னமோ வரும், எஃப்1 அழுத்துவேன், போயிரும்.”

மூன்று வாரமாகத் தினமும் அழுத்தியிருக்கிறான். நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அவனைச் சொல்லி என்ன, அந்த மெஷின் வந்த நாளில் இருந்தே அப்படித்தான் என்றால் அது அதன் பழக்கம் என்றுதானே நினைப்பான்.

விபிஎஸ்ஸில் டபிள்யூஜி ஷோ அடித்தேன். அம்பையோடு கடைசிக் கைகுலுக்கல் 12 மணி 30 நிமிஷத்துக்கு முன்னால் என்றது. அதாவது நேற்று ராத்திரி 21.01. அம்பை மெஷின் இப்போது 20.53 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எட்டு நிமிஷம். “தம்பி, எதையும் தொடாத. அதுல ஒம்பது மணி ஒண்ணு ரெண்டு நிமிசம் காட்டும்போது ஸ்டாக்கு தானா தொறக்கும் பாரு” என்று சொல்லிவிட்டு டிசிபிடம்ப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காபி ஆறிப்போனது. 9.39 தாண்டி சில விநாடியில் ஒரு 148, அதன் காலடியிலேயே ஒரு 92. போனில், “அண்ணே, வந்துட்டு! மணியும் சரியாயிட்டு!”

முழுக் கணக்கும் இதுதான். பரணில் கிடந்த அந்த டெஸ்க்டாப்பின் மதர்போர்டில், கடிகாரத்துக்குச் சோறு போடுகிற காயின் பேட்டரி செத்துவிட்டது. பிளக்கில் கரண்ட் இருக்கிறவரை தெரியாது. கடை சாத்தும்போது மெயினை அணைத்தாலோ, ஈபி கரண்ட் போனாலோ கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். உபுண்டு எழும்போது, கடைசியாக நேரம் சரிபார்த்தபோது எழுதி வைத்த முத்திரையைப் பார்த்து அதுவரை முன்னால் தள்ளிவிடும். அந்தச் சரிபார்ப்பு அதிகபட்சம் 34 நிமிஷத்துக்கு ஒருமுறை. அணைப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பு சரிபார்த்திருந்தால் மறுநாள் ஐந்து நிமிஷத் தடங்கல், முப்பது நிமிஷம் முன்பு என்றால் அரை மணி. எழுந்ததும் நேரத்தைச் சரிசெய்து தொலைக்க வேண்டியதுதானே என்றால், நேரம் சொல்கிற சர்வரின் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் டனலுக்குள் போகிறது. டனல் திறக்க நேரம் சரியாக இருக்க வேண்டும். அந்த முடிச்சைப் போட்டது நான், புத்திசாலித்தனமான அந்த ஒரு வரியால். டனல் வந்த மறு விநாடியே நேரமும் சரியாகிவிடுவதால், நான் போய்ப் பார்க்கும் எந்த நாளிலும் கடிகாரம் ஒழுங்காகவே இருந்திருக்கிறது. சிஸ்டம் பதிவான ஜர்னலில் 20 மணியில் இருந்து 9 மணிக்கு ஒரே தாவலாகத் தாவுவது தினமும் பதிவாகித்தான் இருந்தது. நான் டபிள்யூஜி-குயிக் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அம்பைக்குப் போனேன். கேபினட்டைத் திறந்தால் உள்ளே சிமென்ட் தூசி ஒரு பட்டை, பவர் சப்ளைக்கு அடியில் இரண்டு பல்லி முட்டை. பெயிண்ட் பிரஷ்ஷுக்குக் கடையில் பஞ்சமில்லை, ஒரு இஞ்ச் பிரஷ் எடுத்துத் துடைத்தேன். பேட்டரி சிஆர்2032, விளிம்பில் உள்ள கிளிப்பை நகத்தால் தள்ளினால் ஒரு பக்கம் எம்பும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துத் தொட்டேன்: 1.24. புதிது 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். மார்க்கெட் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடையில் கேட்டேன். “எந்த வாட்சுக்கு?” என்றார். கம்ப்யூட்டருக்கு என்றதும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். 40 ரூபாய். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.21. கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது.

பயாஸில் தேதியும் நேரமும் வைத்தேன். கரண்ட் வந்ததும் தானாக எழுகிற அமைப்பையும் போட்டேன். பேட்டரி இல்லாததால் அதுவும் தினமும் மறந்துபோயிருக்கிறது. கோளாறு இருந்தாலும் நிற்காமல் போ என்று ஒரு அமைப்பு உண்டு, அதைத் தொடவில்லை. எஃப்1 கேட்டு நிற்கட்டும். நின்றால்தான் யாராவது சொல்வார்கள்.

பேட்டரி மாற்றியதோடு விடாமல் முடிச்சையும் அவிழ்த்தேன். கோப்பில் இருந்து டிஎன்எஸ் வரியை எடுத்துவிட்டு, ஹோஸ்ட்ஸ் கோப்பில் ‘ஸ்டாக்’ 10.77.0.2 என்று ஒரே வரி. இரண்டே கடைக்கு டிஎன்எஸ்மாஸ்க் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம், நேரம் சரியாகும்வரை காத்திருக்கிற டைம்-வெயிட்-சிங்க் சர்வீஸை எனேபிள் செய்து, வயர்கார்ட் அதற்குப் பிறகுதான் எழ வேண்டும் என்று சிஸ்டம்டி-யில் ஒரு துண்டுக் கோப்பு. 443-ஐ 51820-க்குத் திருப்பினேன், கீப்அலைவை 25-க்குத் திருப்பினேன், ரீஸ்டார்ட் ஸ்கிரிப்டை அழித்தேன். நிஜமாகவே சரியானதா என்று பார்க்கப் பழைய பேட்டரியைத் திரும்ப மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் விட்டுப் போட்டுப் பார்த்தேன். எஃப்1 கேட்டது. அழுத்தியதும் முதலில் நேரம் சரியானது, பிறகு டனல் வந்தது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் புதிய பேட்டரியை மாட்டி, பயாஸில் எல்லாவற்றையும் மறுபடி வைத்து மூடினேன்.

செலவு: விபிஎஸ் இதுவரை இரண்டு மாதம் 840, கேபிள் 150 தண்டம், பேட்டரி 40. அம்பைக்கு நான்கு தடவை பஸ், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கி வந்ததால் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மறுபடி செய்தால் ரவுட்டர்களின் எண்வரிசையை முதல் நாளே பிரித்துவிடுவேன். பரணில் இருந்து இறக்குகிற எந்த மெஷினுக்கும் கேட்காமலே புது பேட்டரி. டனல் விழுந்தாலும் உள்ளே போக இன்னொரு வழி வைப்பேன். அது இருந்திருந்தால் இந்த மூன்று வாரமும் ஒரே காலையில் முடிந்திருக்கும். இரண்டு லைனிலும் ஐபிவி6 முகவரி வருகிறது. அதை வைத்து மும்பையைச் சுற்றாமல் நேராக இணைத்தால் மாதம் 420 மிச்சம். லைன் விழுந்து எழும்போதெல்லாம் முகவரி மாறுவதை எப்படிச் சமாளிப்பது என்று மார்கழியில் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்பையில் இருந்து போன். தம்பிதான்.

“அண்ணே, நேத்துலேருந்து மெசினு எஃப்1 கேக்கவே மாட்டேங்கு. ஏதும் கெட்டுப்போச்சா?”